வாடகை வாங்காத லாரிக்காரர்

போன சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மாமா வீட்டு வாசலில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். அந்த லாரிக்காரர் வாடகையே வாங்காமல் போகிறாரே, நமக்குச் சொந்தக்காரரா என்று. அத்தை கொடுத்த காப்பியை அவர் நின்றபடியே குடித்தார். மாமா மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அதெல்லாம் பெரியவங்க விஷயம், விடுங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வரும் விடுமுறைக்கும் நாம் போகிறோம், அந்த லாரியும் வரும். அதற்குள் உங்களுக்கு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதினால் தம்பி படிப்பானா என்று அம்மா கேட்டாள். அவனுக்குக் கஷ்டமாக இருந்தால் அக்கா படித்துக் காட்டட்டும். நான் பத்தாவது வரை படித்தவன். சட்டம் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நெல்லும் அரிசியும் எப்படி நகர்கின்றன என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அரிசி மொத்த வியாபாரக் கடை. கண்டெய்னரில் வரும் மூட்டைகளை இறக்கி, அடுக்கி, சாப்பாட்டுக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் அனுப்புவது என் பொறுப்பு. முதலாளி ஒரு பெண்மணி. அவருடைய அப்பாவுக்குப் பிறகு கடையை அவர்தான் நடத்துகிறார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இந்தக் கதையில் அவருக்கும் ஒரு இடம் உண்டு.

உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சொந்த நிலம் இல்லாத விவசாயி. சென்னையில் இருக்கும் ஒருவருடைய வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். ஒவ்வொரு வருஷமும் சம்பா அறுவடை முடிந்ததும் குத்தகைப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆள் கைக்குப் போய்விடும். கேட்டுக்கொண்டு நிற்க வேறு ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஆகையால் நெல் விளைவது பாதிதான். விளைந்த நெல்லுக்குக் காசு கைக்கு வருவது மீதிப் பாதி.

அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அடங்கல் சீட்டு கேட்பார்கள், அதாவது யார் நிலத்தில் என்ன பயிர் என்று கிராம அதிகாரி எழுதித் தருவது. நிலம் அடுத்தவர் பெயரில் இருப்பதால் மாமாவுக்கு அந்தச் சீட்டு சுலபமாகக் கிடைக்காது. அதனால் அவர் பல வருஷமாக நெல்லைக் கொண்டுபோனது பக்கத்து ஊரில் இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு. ஊரில் எல்லோரும் அதை யார்டு என்பார்கள். பெரிய தகரக் கொட்டகை. விவசாயிகள் நெல்லைக் கொட்டி வைப்பார்கள். வியாபாரிகள் கையால் அள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, ஆளுக்கொரு விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதிக விலை எழுதியவருக்கு நெல்.

அதில் முக்கியமானது இதுதான். யார்டுக்குள் வந்து விலை எழுத வேண்டும் என்றால் வியாபாரிக்கு லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் வாங்க வேண்டும் என்றால் ஒரு தொகையை ஜாமீனாக யார்டு அலுவலகத்தில் கட்டியிருக்க வேண்டும். நாம் செங்காங் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருந்தபோது, குடியிருந்த அண்ணனிடம் டெபாசிட் வாங்கி வைத்திருந்தோம் அல்லவா, அது மாதிரி. வாங்கியவர் காசு கொடுக்காமல் இழுத்தடித்தால் விவசாயி அலுவலகத்தில் போய் நிற்கலாம். டெபாசிட்டிலிருந்து பிடித்துக் கொடுப்பார்கள், லைசன்ஸையும் நிறுத்துவார்கள். அந்தப் பயத்திலேயே பெரும்பாலும் காசு வந்துவிடும்.

யார்டு ஒன்றும் சொர்க்கம் இல்லை. மாமா அதைத் திட்டாத வருஷம் கிடையாது. ஈரம் அதிகம் என்று காத்திருக்க வைப்பார்கள். மூட்டை மேலேயே படுத்துக்கிடக்க வேண்டும். வியாபாரிகள் டீக்கடையில் கூடிப் பேசிவிட்டு வந்து எல்லோரும் ஒரே விலையை எழுதுவார்கள். "அவனுங்க வாய் வேற வேற, பேனா ஒண்ணு மாப்ள" என்று என்னிடம் சொல்வார். ஆனாலும் போட்ட நெல்லுக்கு அங்கே காசு வராமல் போனது கிடையாது.

அப்புறம் விதி மாறியது. யார்டுக்கு வெளியே நெல் வாங்க இனி லைசன்ஸ் தேவையில்லை, ஒரு அடையாள அட்டை இருந்தால் யாரும் வாங்கலாம் என்று ஆனது. எல்லா விவரமும் எனக்குத் தெரியாது. மாமா ஊரில் அதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ அதைச் சொல்கிறேன். விவசாயி இனி யார்டைத் தேடிப் போக வேண்டாம், வியாபாரி வயலைத் தேடி வருவான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம் சம்பா அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ காலில் வந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். போனை நீதான் பிடித்துக்கொண்டிருந்தாய், அக்கா. மாமா வெற்றிலை போட்டிருந்தார்.

"என்ன மச்சான், வாயெல்லாம் செவந்திருக்கு?"

"அச்சாரம் வாங்கிட்டேன் மாப்ள. பக்கத்து ஊருப் பையன். சொந்த லாரி வச்சிருக்கான். வயலுக்கே வந்து, மெஷின்லேருந்து கொட்டுற நெல்ல அப்படியே ஏத்திக்கிறேங்கறான். யார்டு வெலைய விட மேல வேற போட்டுத் தர்றான்."

"காசு?"

"ஏத்துன வாரத்துல வந்துடும்."

அச்சாரம் என்றால் என்ன என்று நீ கேட்டாய். பொருளை உனக்கே தருகிறேன் என்று பேசி முடித்ததற்கு அடையாளமாக, வாங்குபவர் வெற்றிலை பாக்கோடு சேர்த்துக் கொடுக்கும் சின்னத் தொகை. அதை வாங்கிய பிறகு வேறு ஒருவருக்கு விற்றால் ஊரில் தலை காட்ட முடியாது. மாமா அதை விளக்கி முடித்ததும் சொன்னார்: "அவன் நெல்லு உங்க ஊருக்கே வருதாம் மாப்ள. மூட்டை போட்டோ காட்னான். உங்க கடையில இருக்கான்னு பாத்து சொல்லேன்."

போட்டோவை அனுப்பினார். மயில் படம் போட்ட மூட்டை. எங்கள் கடையில் இருக்கிறது, நான்தான் அடுக்கியிருக்கிறேன். மறுநாள் அந்த மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதன் ஓரத்தில் லைசன்ஸ் நம்பர் என்று ஒன்று அச்சடித்திருந்தது. அதே நம்பரைப் போட்டோவிலும் காட்டித்தான் அந்தப் பையன் ஊரில் எல்லோரிடமும் பேசியிருக்கிறான். லைசன்ஸ் நம்பர் போட்ட மூட்டையில் சிங்கப்பூர் வரை போகிற நெல் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊரும் நம்பியிருக்கிறது.

மேடம் பில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பையில் கட்டி வாங்கி வந்த கோப்பி ஆறிப்போயிருந்தது. விஷயத்தைச் சொல்லி, இந்த நம்பரை நம்பலாமா என்று கேட்டேன்.

"அண்ணே, இது சாப்பிடறவங்களுக்கான நம்பர். அரிசில கல்லு, பூச்சி, மருந்து இருக்கக்கூடாதுன்னு மில்லுக்குக் குடுத்தது. நெல்லு குடுத்தவருக்குக் காசு போச்சா இல்லையான்னு இது பாக்காது. அதுவும் இது மில்லோட நம்பர். உங்க ஆளு மில்லா?"

"இல்ல மேடம். நெல்லு வாங்கி மில்லுக்குக் குடுக்கறவரு."

"அப்ப அவரு லைசன்ஸ் எங்க?"

"இப்ப தேவையில்லையாம்."

அவர் தன் தலைக்கு மேல் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லைசன்ஸைக் காட்டினார். "என்னோடதும் அப்படித்தான். நான் இறக்குற அரிசில ஒரு பங்கு எப்பவும் கிடங்குல இருக்கணும். இல்லன்னா லைசன்ஸ் போயிடும். எதுக்கு? இந்த ஊர்ல அரிசி தீர்ந்துடக்கூடாதுன்னு. இதுவும் சாப்பிடறவங்களுக்குத்தான்."

அன்றைக்கு மூட்டை அடுக்கும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்பு. லைசன்ஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு லைசன்ஸும் ஒரு பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மூட்டையில் இருந்தது, சுவரில் இருந்தது, இரண்டும் சாப்பிடுகிறவர் பக்கம் பார்க்கின்றன. நம் வீட்டுச் சோற்றுத் தட்டை அவை காக்கின்றன, அது நல்லதுதான். விளைவித்தவர் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது யார்டு லைசன்ஸ் ஒன்றுதான். அதைத்தான் இனி வேண்டாம் என்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அங்கேயே, துணி மடித்துக்கொண்டே, மாமாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த நம்பர் அரிசி மில்லோடதாம். அந்தப் பையனோடது இல்ல. அச்சாரத்தத் திருப்பிக் குடுத்துட்டு யார்டுக்கே கொண்டு போ."

"அச்சாரம் வாங்கிட்டேம்மா. வெத்தல போட்டாச்சு. இனிமே எப்படித் திருப்பறது?"

"ரிஃபண்ட் பண்ணிட்டா முடிஞ்சுதுலா மாமா" என்று நீ பக்கத்தில் இருந்து சொன்னாய். மாமா சிரித்துவிட்டார். "பாப்பா, இது என்ன உங்க ஷாப்பிங் மாலா?"

அம்மா சிரிக்கவில்லை. "அச்சாரம் வாங்கினதால நீ வேற ஆளுக்கு விக்க மாட்ட. சரி. உன்ன அது கட்டிப் போட்டுடுச்சு. அவன எது கட்டுது?"

"காசு குடுக்கலன்னா என் மூஞ்சில முழிக்க முடியுமா அவனால?"

"முழிக்காம போறதுக்குத்தான் லாரி வச்சிருக்கான்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே கொடுக்கிறது, நான் மட்டும் கொடுக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள், நீங்கள் அங்கே ஏசியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள் என்றார். எங்கள் கடையில் ஏசி இல்லை. அதை நான் அப்போது சொல்லவில்லை.

ஆனால் அம்மா கேட்டது அவர் மனதில் தங்கிவிட்டது. அறுவடை நாளில் லாரி வயலுக்கு வந்தபோது, பாதி நெல்லை மட்டும் ஏற்றச் சொன்னார். இதற்குக் காசு வரட்டும், மீதியைப் பிறகு எடுத்துக்கொள் என்றார். கூட நின்றவர்கள் கேலி செய்தார்களாம். "என்னப்பா, நெல்லுக்கும் தவணையா? சிங்கப்பூர் மாப்ள சொல்லிக் குடுத்தாரா?" லாரிக்காரப் பையன் மட்டும் கோபப்படவில்லை. "பரவால்லண்ணே. உங்களுக்கு எது மனசுக்குச் சரியோ அது" என்றானாம். மரியாதையான பையன் என்று மாமா அன்று சாயங்காலம் எங்களிடம் இரண்டு தடவை சொன்னார். எங்களைக் குத்திக்காட்டத்தான்.

பாதி நெல் போனது. மீதி, சாலை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அறுவடைக் காலத்தில் மழை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தார்ப்பாய் மேலே மழையைத் தடுக்கும், உள்ளே நெல் வேர்க்கும். அத்தையும் மாமாவும் வெயில் தலை காட்டும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கி, காலால் நெல்லைக் கிளறி, மறுபடி மூடினார்கள். ஓரத்தில் இருந்த நெல் முளைவிடத் தொடங்கியது. மாமா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். வெள்ளையாக, பல் முளைத்தது மாதிரி. ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும்.

சொன்ன வாரம் முடிந்தது. காசு வரவில்லை. நான் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மாமா எனக்கு போன் செய்தார். அம்மாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டதிலேயே எனக்குப் புரிந்தது.

"மாப்ள, பையன் பேசுனான். மீதியையும் ஏத்துங்க, ரெண்டுக்கும் சேத்து மொத்தமாத் தர்றேங்கறான். மழ விடல. இப்படியே கெடந்தா இதுவும் போயிடும். குடுத்துடட்டா?"

நான் கைவண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார்.

"எனக்குத் தெரியல மச்சான். மழையில நனையறது உங்க நெல்லு. நான் இங்கேருந்து என்ன சொல்றது?"

மழைச் சத்தத்துக்கு நடுவில் அவரே பேசினார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை.

"குடுத்தா ரெண்டும் போகலாம். வச்சிருந்தா ஒண்ணுதான் போகும்."

அன்றைக்கே டிராக்டர் பிடித்து மீதியை யார்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். அதைக் கேட்டு அம்மா அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினாள். அந்தப் பையன் கொடுத்த அச்சாரப் பணத்தைப் புது வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, ஒரு ஆளிடம் கொடுத்து அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாதி அறுவடையின் காசு அவனிடம் நிற்கிறது. இவர் அவனுக்குப் பணம் அனுப்புகிறார்.

"அவன் உனக்குத் தரணும். நீ அவனுக்குக் குடுக்கறியா? உனக்கு என்னண்ணே ஆச்சு?"

"அது வேற, இது வேற. அவன் தர்றதும் தராததும் அவன் பாடு. அச்சாரத்தக் கையில வச்சுக்கிட்டு நான் வேற ஆளுக்கு எப்படி வித்தேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா?"

"ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நான் கேப்பேன்ல."

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

யார்டில் நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. நிறம் மங்கியிருந்தது, முளைத்த வாடை. வியாபாரிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலை எழுதினார்கள். ஆனால் எழுதிய விலை பாங்கியில் வந்து விழுந்தது. அதோடு அத்தையின் வளையல்கள் அடகுக்குப் போயின. இரண்டையும் சேர்த்துக் குத்தகையைக் கட்டினார்கள். நிலம் மாமாவிடமே நின்றது. முழு நெல்லையும் லாரியில் ஏற்றியவர்களில் பலருக்கு நிற்கவில்லை. அன்று வயலில் நின்று தவணையா என்று கேலி செய்தவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாமா அவரைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும்.

காசு வராதவர்கள் எல்லோரும் சேர்ந்து யார்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தானாம், டீ வாங்கிக் கொடுத்தாராம். "இங்க உள்ள வாங்கியிருந்தா அவர் டெபாசிட்லேருந்து பிடிச்சுக் குடுத்துருப்பேன். வெளிய வாங்குனதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. மேல மனு குடுங்க" என்றார். மனு கொடுத்தார்கள். விசாரித்தார்கள். பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. உத்தரவு வந்த நேரத்தில் அந்தப் பையனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் எங்கள் கடைக்கு ஒரு கண்டெய்னர் வந்தது. கதவைத் திறந்தால் மயில் படம் போட்ட மூட்டைகள், மேலிருந்து கீழ்வரை. நான் ஒரு மூட்டையை இழுத்துத் தோளில் வைத்தேன். தினமும் தூக்குகிற கனம்தான். அன்றைக்கு இறக்கி வைக்கவும் மனமில்லை, தூக்கிக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. மாமாவின் நெல் இதில் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

மதியம் மேடத்திடம் கேட்டேன். இந்த மில்லுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று. கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று எனக்கே தெரிந்தது.

"நிறுத்த ஒண்ணும் இல்லண்ணே. கப்பல் ஏறினப்பவே பாங்க் வழியா மில்லுக்குக் காசு போயிடுச்சு. அப்படி இல்லன்னா அவங்க சரக்கே ஏத்த மாட்டாங்க."

பிறகு, நான் கேட்காமலே, என் முன்னாலேயே மில்லுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீங்கள் நெல் வாங்குகிற வியாபாரிகள் விவசாயிகளுக்குக் காசு கொடுத்துவிட்டார்களா என்று கேட்பது உண்டா என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் கேள்வியே புரியாத மாதிரி கொஞ்சம் தயங்கினார். "ஈரம் பாப்போம் மேடம், நெறம் பாப்போம். இதெல்லாம் நாங்க கேக்குறதில்லீங்களே. வியாபாரிக்கு நாங்க செட்டில் பண்ணிடுவோம்" என்றார். பொய் சொன்ன மாதிரி இல்லை. மேடம் போனை வைத்துவிட்டு, "கேட்டாச்சு அண்ணே" என்றார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அன்று ரயிலில் வரும்போது யோசித்தது இதுதான். மேடத்துக்குச் சரக்கு வராமல் போனால் காப்பீடு இருக்கிறது. மில்லுக்கு பாங்கி இருக்கிறது. சாப்பிடுகிற நமக்குச் சோதனை செய்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வருகிற அரிசியில், வழியில் நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. முதல் ஆள் கையில் மட்டும் ஒரு வெற்றிலை. கெட்டவர்கள் அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. இதில் கெட்டவர் என்று யாரையும் என்னால் காட்ட முடியவில்லை. அதனால்தான் மனிதரை நம்புவதோடு நிறுத்தாமல் ஒரு டெபாசிட்டையும் யாரோ ஒரு காலத்தில் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பையனும் ஏமாற்ற வந்தவன் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் வாங்கிய நெல்லில் ஒரு பகுதிதான் மில்லுக்குப் போனது. பெரும்பகுதியை அதிக விலைக்கு ஆசைப்பட்டு வெளி மாநிலத்து வியாபாரி ஒருவருக்கு அனுப்பியிருக்கிறான். அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் லைசன்ஸ் இல்லை. அவரிடமிருந்து இவன் அச்சாரம்கூட வாங்கியிருக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு மாமா மூட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் லாரியோடு வந்து வாசலில் நின்றான். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

"ஊர்ல எல்லாரும் என்னத் திட்டித்தாண்ணே அனுப்புனாங்க. திட்ட வேண்டியதுதான். நீங்க மட்டும் அச்சாரத்தத் திருப்பி அனுப்புனீங்க. எங்கம்மா அந்தத் தட்ட வாங்கி வச்சுக்கிட்டு அன்னிக்கு சாப்பிடவே இல்ல."

மாமா மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காசாக் குடுக்க இப்ப என்கிட்ட இல்ல. லாரிக்கே தவணை கட்டிக்கிட்டிருக்கேன். உங்க நெல்லு யார்டுக்குப் போற வரைக்கும் இந்த லாரி வரும். வாடகை வேணாம். அதுல கழிச்சுக்குங்க."

மாமா லாரியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாராம். "முன் டயர் தேஞ்சு கெடக்கு. மாத்திட்டு வா" என்றார். அவன் போய் மாற்றிக்கொண்டு வந்தான். மூட்டை ஏறியது.

அன்று அம்மா போனில் கேட்டாள். "அண்ணே, அந்த லாரி என்ன, வட்டியா, அசலா?"

"ரெண்டும் இல்ல. லாரி" என்றார் மாமா.

அந்தப் புது விதியை அதற்குப் பிறகு எடுத்தாயிற்று என்கிறார்கள், வேறு உருவத்தில் திரும்பி வரும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மையோ, மாமா இப்போது யார்டுக்குத்தான் போகிறார். இன்றைக்கும் அதைத் திட்டுகிறார். ஈரம் பார்க்கிறவனைத் திட்டுகிறார், ஒரே பேனாவைத் திட்டுகிறார். வேறு வியாபாரிகள் வயலுக்கு வந்து விலை கேட்டால், "அங்க வந்து எழுதிப் போடு" என்கிறார். வெற்றிலைத் தட்டை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

நம் வீட்டில் புது அரிசி மூட்டையைப் பிரிக்கும்போது அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இது யாரு நெல்லோ" என்று சொல்வதும் அன்றிலிருந்துதான். நீங்கள் சிரிப்பீர்கள், ஃபேர்பிரைஸ் கடையில் வாங்கினது அம்மா, யார் நெல்லு என்று அரிசிக்குத் தெரியுமா என்று. சிரிக்கலாம், தப்பில்லை. அவள் பதிலுக்காகக் கேட்பதில்லை.

வரும் விடுமுறையில் லாரி வந்து நிற்கும்போது அந்த லாரிக்காரர் உங்களைக் கூப்பிடுவார். போன தடவையே, "பாப்பா, யார்டு பாக்க வர்றியா?" என்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். இந்தத் தடவை இரண்டு பேரும் ஏறிப் போங்கள். கொட்டகையைப் பாருங்கள், பெட்டியில் சீட்டுப் போடுவதைப் பாருங்கள். பழைய விஷயம் எதையும் அவரிடம் கேட்க வேண்டாம். மாமாவுக்கு அது பிடிக்காது. எனக்குத் தெரிந்து அந்தக் காசு இன்னும் முழுதாகக் கழியவில்லை. எவ்வளவு கழிந்தது என்று மாமா கணக்குப் பார்க்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அத்தை காப்பி கலந்ததும் டம்ளரை நீங்கள் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லுங்கள். மாமா இன்னும் சொன்னதில்லை. நீங்கள் சொன்னால் வேண்டாம் என்று தடுக்கவும் மாட்டார்.